காலி வண்டியில் வீல் பார்க்கக் கூடாது

வருகிற வாரம் முதல் இந்தக் கவுண்டரில் நிற்கப் போகிறவர்கள் நீங்கள். என்னை ஓசூர் ரோட்டில் திறக்கும் புதுக் கிளைக்குப் பொறுப்பாளராக அனுப்புகிறார்கள். பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி உட்கார்ந்து அனுபவம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவதாக இல்லை.

டயருக்குக் காற்று எவ்வளவு, நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் உள்ளே வேலை பார்க்கும் பாஷா பாய் சொல்லித் தருவார். அதை நான் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நின்று தவறான வீலைக் கேட்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு ஒரே ஒரு சிவப்பு வண்டியின் கதை போதும்.

அதற்கு முன் ஒரு சின்னக் குறிப்பு. உங்களில் பெண்களும் இருப்பதால் சொல்கிறேன். கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் பார்த்ததும், "அண்ணா யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள். "இருக்காரு. சாப்பிடப் போயிருக்காரு. அதுவரைக்கும் எங்கிட்ட சொல்லுங்க," என்று நான் சொல்வேன். அந்த அண்ணா இத்தனை வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார். இன்னும் கை கழுவவில்லை.

எனக்கு இந்தச் சாமர்த்தியம் பாலிடெக்னிக்கில் வந்ததல்ல. வீட்டில் வந்தது. அச்சடித்த எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்தால் என் கைக்கு வராமல் போகாது. மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, எல்லாம். அம்மா சோப்பு உறையைக்கூட நீட்டி, "இதுல என்னம்மா போட்டிருக்கான்?" என்பாள். சோப்பு உறையில் என்ன போட்டிருப்பான் என்று அம்மாவுக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு அம்மா உட்கார்ந்திருக்கும்போது நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது இன்னொன்று என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

இனி சிவப்பு வண்டி.

இரண்டாயிரம் தாண்டிய புதிது. ஆயுத பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை. ஜே.சி. ரோட்டில் நடக்க இடமில்லை. பெங்களூரில் சக்கரம் வைத்திருக்கும் அத்தனை பேரும் பூஜைக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்ததுபோல் இருந்தது. முதலாளி மைசூர் போயிருந்தார். கவுண்டர் முழுக்க என் பொறுப்பு. "பிரச்சினை ஒண்ணும் வராம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

காலையில் முதலில் வந்தவரிடம் வண்டியே இல்லை. அகலமான ஆள். வெள்ளைச் சட்டை. மீசை இரண்டு பக்கமும் முகத்தை விட்டு வெளியே போயிருந்தது. அவர் அண்ணா இருக்கிறாரா என்று கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"பாப்பா, ஒரு சின்ன வண்டி. சிவப்பு. பானெட்டு மட்டும் கறுப்பு. பின்கண்ணாடியில புலிப் படம். வந்துச்சா?"

"இன்னும் வரலீங்க. உங்க வண்டியா?"

"எனக்கு எதுக்கும்மா புலி?" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணைக் கட்டிக்கிறேன்னு சொல்ற பையனோட வண்டி."

அவர் பெயர் முனிரத்தினம். ஆனேக்கல்காரர். ஆயுள் முழுக்க ஓசூர் வழியில் தனியார் பஸ் ஓட்டியவர். மகள் சுகந்தி எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் குமரேஷுக்கும் அவளுக்கும் ஒத்துப்போய்விட்டது. பேச்செல்லாம் சுகந்தியின் அத்தை வழியாகத்தான் நடந்திருக்கிறது. இவர் பையனைப் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பிரேசர் டவுனுக்குப் போக வேண்டும். பையன் தன் வண்டியிலேயே வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"வூடு எப்படி இருந்தா எனக்கென்ன? நான் அவன் வண்டியில ஏறுவேன். பிரேசர் டவுன் போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும். சரின்னா சரி, இல்லைன்னா வந்த வண்டியிலயே திரும்பிடுவோம். ஆனா நாளைக்கு அவன் ஜாக்கிரதையா இருப்பான் பாரு. அதான் இன்னைக்கே ஒரு தபா பாத்துக்கலாம்னு வந்தேன். இங்க வீல் மாத்த வரான்னு பொண்ணு வாய் தவறிச் சொல்லிட்டா. நீ காட்டிக் குடுத்துடாத."

"நான் எதுக்குங்க காட்டிக் குடுக்கிறேன்? எதிர்ல சிவண்ணா டீக்கடை. பெஞ்சுல உக்காருங்க. அங்கிருந்து எங்க கடை முழுக்கத் தெரியும்."

அவர் போய் உட்கார்ந்தார். பெஞ்சின் மறுமுனை சற்று மேலே எழுந்தது.

குமரேஷ் வந்தபோது வண்டி வரும் முன்பே பாட்டு வந்துவிட்டது. வந்தது வயதான எண்ணூறு சிசி ஹேட்ச்பேக். முன்னும் பின்னும் ஸ்பிரிங்கை வெட்டி, வயிறு தரையைத் தடவுவதுபோல் இறக்கியிருந்தான். உள்ளே இருந்த சக்கரங்களோ கம்பெனியில் வந்த ஒல்லி வீல்கள். பயில்வான் போல் உடம்பை வளர்த்துவிட்டுக் குழந்தைச் செருப்பு போட்ட மாதிரி இருந்தது. அவனுக்கு அகல வீல் வேண்டும் என்று தோன்றியதில் தப்பே இல்லை.

"சிஸ்டர், அண்ணா இல்லையா?"

"சாப்பிடப் போயிருக்காரு. சொல்லுங்க."

"ஸ்டீல் வீல், ஆறு இஞ்ச் அகலம். நல்லா வெளியே தள்ளி நிக்கணும். பூஜையில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினா நசுங்குற சத்தம் தெருமுனைக்குக் கேக்கணும்."

"ஆறு வேண்டாங்க. அஞ்சு போடுங்க. வண்டி இறக்கியிருக்கீங்க. ஆறு போட்டா மட்கார்டுல உரசும்."

"ஃப்ரெண்டு ஒருத்தன் போட்டிருக்கான். ஒண்ணும் ஆகலையே?"

"அவர் வண்டியும் இறக்கியிருக்கா?"

"இல்ல. ஆனா அவனே போட்டிருக்கானே!"

இந்த மாதிரிப் பதிலுக்கு மேல் வாதாடாதீர்கள். நான் வாதாடினேன். கிடைத்த பலன், உள்ளே இருந்து பாஷா பாய் எழுந்து வந்ததுதான். நம் பாஷா பாய் கையில் இருக்கும் வேலை தங்கம். ஆனால் அவருக்கு ஒரு சோதனை உண்டு. இப்போதும் பல கடைகளில் அதே சோதனைதான். வீலை மாட்டி, டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பார். விரல் போனால் சரி. வண்டியை அனுப்பிவிடலாம்.

கடையில் ஒத்திகைக்கென்று பழைய டயர் போட்ட வீல் ஜோடிகள் வைத்திருக்கிறோம் அல்லவா? அதில் ஆறு இஞ்ச் ஜோடியைப் பின்னால் மாட்டினார். விரலை விட்டார். போனது.

"தேக்கோ பேட்டி, பாரும்மா, விரல் போவுது. கஸ்டமர் கேக்கிறாரு. குடுத்துடு. சீசன் நேரத்துல எதுக்குத் தகராறு?"

குமரேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். படித்த பெண்ணை விரலால் ஜெயித்த சிரிப்பு. என் ரத்தம் சூடானது. முதலாளி சொன்ன "பிரச்சினை வராமல்" என்பது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

"பாய், நாளைக்கு அந்த வண்டியில உங்க விரலா உக்காரப் போவுது?" என்று கேட்டேன்.

பாய்க்குப் புரியவில்லை. குமரேஷிடம் திரும்பி, "நாளைக்கு யார் யார் ஏறுறாங்க?" என்றேன்.

"நாளைக்கா? உங்களுக்கு எப்படி..."

"சனிக்கிழமை அவசரமா வீல் மாத்துறவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமைக்குத்தான் மாத்துவாங்க," என்று சமாளித்தேன்.

அவன் வெட்கப்பட்டான். "மாமனார், மாமியார், அத்தை, சுகந்தி. கல்யாணம் முடிவாகல. நாளைக்குத்தான் முடிவாகும்."

"உங்களோட அஞ்சு பேரு. அப்ப ஆறு இஞ்சே மாட்டிடலாம். நாலு சக்கரத்துக்கும் மாட்டி, அஞ்சு பேர் ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம். சத்தம் வரலைன்னா நான் வாயே திறக்க மாட்டேன். நானே பில் போடுறேன்."

"சபாஷ் சிஸ்டர்!"

முன் சீட்டுக்குப் பாஷா பாய். அவரும் ஒல்லியானவர் அல்ல. பின்சீட்டில் நான் ஒருத்தி. எதிரே போய் டீக்கடை சிவண்ணாவைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் யாக்கம்மா? அங்கடி யாரு நோடுத்தாரே?" என்று, கடையை யார் பார்ப்பது எனக் கன்னடத்தில் பதறினார்.

"அஞ்சே நிமிசம் அண்ணா. உங்க வெயிட்டு வேணும்."

"ஓ, அதுக்கா!" என்று பெருமையாகக் கிளம்பிவிட்டார். கடையைப் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் ஒப்படைத்தார்.

இன்னும் ஒரு ஆள் வேண்டும். பெஞ்சில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே கண்ணால் ஒரு பேச்சு நடந்தது. அவர் மீசை சிரிக்கவில்லை. கண் மட்டும் சிரித்தது. நான் அந்த நொடியில்தான் முடிவு செய்தேன். இரண்டு முறை யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

"பெரியவரே, ஒரு உதவி. இந்த வண்டியில ஒரு ரவுண்டு வரீங்களா? எடைக்கு ஆள் பத்தல."

"எனக்கு என்னம்மா வேலை? வரேன்."

ஏறினோம். அவர் ஏறியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் கொஞ்சம் கீழே போனது. அவருக்கும் சிவண்ணாவுக்கும் நடுவில் நான் புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு போல் சிக்கிக்கொண்டேன்.

மெயின் ரோட்டில் ஒன்றுமே கேட்கவில்லை. நாற்பதடி ஓட்டியதும் குமரேஷுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாயும் திறந்துவிட்டது.

"பாத்தீங்களா சிஸ்டர், பூ மாதிரி போவுது. நாளைக்கு எங்க மாமனார் ஒண்ணும் பேச முடியாது. அவர் பெரிய பஸ் டிரைவராம் அந்தக் காலத்துல. வண்டியில உக்காந்தா எந்த நட்டு லூசுன்னு காதாலயே சொல்லிடுவாராம். ஓவர் பில்டப்பு!"

என் இடது பக்கம் மீசை அசைந்தது. "அப்படியா தம்பி? ஆள் எப்படி இருப்பாரு?"

"பாத்ததில்லீங்க. ஆனா சுகந்தி சொல்றதை வச்சுப் பாத்தா, பஸ்ஸு முகப்புல மீசை ஒட்டின மாதிரி இருப்பாருன்னு நினைக்கிறேன்."

சிவண்ணா வாய்விட்டுச் சிரித்தார். பாஷா பாய் சிரித்தார். வீலைத் தப்பாகக் கொடுத்தால் மாற்றிக் கொடுக்கலாம். ஒரு பெண்ணின் கல்யாணத்தை இந்த ஒரு ரவுண்டில் உடைத்துவிட்டால் எதைக் கொண்டு மாற்றுவது? சுகந்தியை நான் பார்த்ததுகூட இல்லை. இருமினேன். குமரேஷின் சீட்டைப் பின்னாலிருந்து முழங்காலால் இடித்தேன்.

"இடிக்குதா சிஸ்டர்? சீட்டை முன்னாடி தள்ளட்டுமா?" என்றான் அப்பாவி.

"ரோட்டைப் பாருங்க!"

முனிரத்தினம் என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை மெல்லக் கீழே அழுத்திக் காட்டினார். பொறு என்று.

வண்டி சந்துக்குள் திரும்பியது. முதல் ஹம்ப், அந்த வேகத்தடை மேடு. பின்பக்கத்தில் 'கிர்ர்' என்று ஒரு நீளமான சத்தம்.

"ஆட்டோ," என்றான் குமரேஷ் உடனே. "பக்கத்துல ஆட்டோ போச்சு."

சந்தில் எங்களைத் தவிர ஒரு மாடுதான் நின்றது.

இரண்டாவது ஹம்ப். இப்போது சத்தத்தோடு ரப்பர் கருகும் வாசனையும் வந்தது. பாஷா பாய் தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

முனிரத்தினம்தான் பேசினார். குரலில் சர்க்கரை. "நான் வேணா எறங்கிக்கட்டுமா தம்பி? எல்லாம் எம் வெயிட்டுதான்."

இதுதான் பரீட்சை என்று எனக்குத் தெரிந்தது. எழுதுகிறவனுக்குத்தான் தெரியாது. 'ஆமாங்க, கொஞ்சம் எறங்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்லக்கூடிய வார்த்தைதான். இந்தக் கவுண்டரில் நான் பார்த்த பாதிப் பேர் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வண்டி உரசினால் உட்கார்ந்தவரைத் திட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

குமரேஷ் வண்டியை ஓரம் கட்டினான். பாட்டை நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். டயரின் தோள்பட்டையில் மட்கார்டு விளிம்பு கத்திபோல் கோடு கிழித்திருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் வந்தான்.

"நீங்க உக்காருங்க ஐயா. நீங்க எதுக்கு எறங்கணும்? தப்பு எம் மேல." என்னைப் பார்த்தான். முகத்தில் காலையிலிருந்த மிடுக்கே இல்லை. "மேடம், சுகந்தியோட அம்மா கொஞ்சம் குண்டுன்னு சொல்லியிருக்கா. நாளைக்கு அவங்க ஏறி உக்காந்து இந்தச் சத்தம் வந்துச்சுன்னா, தன்னாலதான்னு நினைச்சுப்பாங்க இல்ல? முதல் தடவை எம் வண்டியில ஏறுறாங்க. கூசிப்போய்டுவாங்க மேடம்."

சிஸ்டர் மேடமானதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது மீசையை. அது அசையவே இல்லை. முனிரத்தினம் ஜன்னலுக்கு வெளியே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிடம் பார்ப்பதற்கு அவ்வளவு ஒன்றும் இல்லை.

"அஞ்சே போடுங்க மேடம்," என்றான் குமரேஷ்.

கடைக்குத் திரும்பினோம், நத்தைபோல். அவன் கேட்ட வீல் கிடைக்காவிட்டாலும் அவனுக்கு வேண்டியது கிடைக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அகலம் அல்ல, அகலமாகத் தெரிவது. ஐந்து இஞ்ச் ஸ்டீல் வீலை எடுத்தோம். உடம்பு முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் வெள்ளி வளையம் விட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு என்றே எல்லாரும் சொல்வார்கள். பாஷா பாய் விரலை விடப் போனார். பிறகு விரலை மடக்கிக்கொண்டு, "எல்லாரும் ஏறுங்க. அப்புறம் பாக்கறேன்," என்றார்.

மறுபடியும் ஐந்து பேர். அதே சந்து. அதே ஹம்ப். அதே மாடு. சத்தம் இல்லை. சிவண்ணாவே, "ஏனு இல்லா!" என்று கைதட்டினார்.

இறங்கும்போது குமரேஷ் பெரியவரின் கதவைத் திறந்துவிட்டான். "ரொம்ப தேங்க்ஸ் ஐயா. ஒரு பாதாம் பால் குடிச்சுட்டுப் போங்க."

"வேண்டாம் தம்பி. சீக்கிரம் போய்ப் படுக்கணும். நாளைக்கு ஒரு இடத்துக்குப் போற வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சோப்பு உறையை நீட்டியபோதுகூட, "நாளைக்குப் படிக்கிறேன்" என்றேன்.

திங்கள்கிழமை கடை திறக்கும் முன்பே சிவப்பு வண்டி வாசலில் நின்றது.

"மேடம், உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? உண்மையைச் சொல்லுங்க!"

"என்னது?"

"நேத்து ஆனேக்கல்ல போய் ஹாரன் அடிக்கிறேன். கதவைத் திறந்தா டீக்கடைப் பெரியவர் நிக்கிறாரு. நான் என்ன கேட்டேன் தெரியுமா? 'ஐயா, நீங்க இங்க என்ன பண்றீங்க?' அவர் வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு அவரையே கேட்டேன் மேடம்!"

"அவர் என்ன சொன்னாரு?"

"'பஸ்ஸு முகப்புல மீசை ஒட்டியிருக்குன்னு சொன்னாங்களாம். பாக்க வந்தீங்களா தம்பி?'"

நான் கவுண்டருக்குக் கீழே குனிந்து எதையோ தேடினேன். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஓடிவிடலாம் என்று நினைத்தானாம். அதற்குள் சுகந்தியின் அம்மா வந்து பின்சீட்டில் ஏறிவிட்டார்கள். ஆனேக்கலிலிருந்து பிரேசர் டவுன் வரை ஒவ்வொரு ஹம்ப்பிலும் அவன் மூச்சை நிறுத்தியிருக்கிறான். ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்குள் போகும் முன்பே வாசலில் வைத்து முனிரத்தினம், "எனக்குச் சம்மதம்," என்று சொல்லிவிட்டாராம். வீட்டைப் பார்க்கவே இல்லை.

"மீசையைப் பத்திப் பேசினதுக்கு அப்புறமும் எப்படி மேடம் சரின்னாரு?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையோடு முனிரத்தினமே கடைக்கு வந்தபோது கேட்டேன்.

"ஒட்டின மாதிரிதானே இருக்கு? பையன் பொய் சொல்லலியே," என்றார் மீசையைத் தடவிக்கொண்டு. பிறகு குரல் மாறியது. "எம் பொண்டாட்டி எந்த வண்டியில ஏறுறதா இருந்தாலும் மூச்சை இழுத்துப் புடிச்சிக்கிட்டுத்தான் ஏறுவா பாப்பா. இறங்கற வரைக்கும் விடமாட்டா. கூட வாழ்ந்த எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அவன் அவளைப் பாத்ததே இல்லை. ஆனா தோணுச்சு பாரு. அன்னைக்கு அவ பாதி வழியில மூச்சை விட்டா. நான் காதால கேட்டேன்."

அந்தப் பத்திரிகையை அம்மா என்னிடம் கொடுத்து மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி படிக்க வைத்தாள்.

அன்றிலிருந்துதான் நம் கடையில் இந்த வழக்கம். இறக்கின வண்டிக்கு அகல வீல் என்றால் ஆட்களை ஏற்றிப் பார்த்த பிறகுதான் பில். அளக்கிற டேப் பொய் சொல்லாது என்று உங்களுக்குப் பாலிடெக்னிக்கில் சொல்லியிருப்பார்கள். காலி வண்டியில் டேப்பும் பொய் சொல்லும், விரலும் பொய் சொல்லும். யார் உட்காரப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர்களை உட்கார வையுங்கள். இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வந்தால் சிவண்ணா டீ ஆற்றிக்கொண்டே, "வெயிட்டு பேக்கா, வேணுமா?" என்று அவராகவே குரல் கொடுப்பார். போய் அழைத்து வாருங்கள்.

இதையெல்லாம் நான் வாயால் சொல்லிவிட்டே போயிருக்கலாம். எழுதி வைப்பதற்குக் காரணம் போன வாரம் வந்த ஒரு போன்.

"பாப்பா, முனிரத்தினம் பேசறேன். எம் சின்னப் பொண்ணும் ஒருத்தனைக் கை காட்டியிருக்கா. அவங்கிட்டயும் வண்டி இருக்காம். நீலக் கலரு. தரையோட தரையா வெட்டி வச்சிருக்கானாம். எப்ப வரச் சொல்லட்டும்?"

"ஐயா, நான் வேற கிளைக்குப் போறேனே!"

"அப்ப புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிட்டுப் போ."

சொல்லிவிட்டேன். நீல வண்டி வந்து நின்று, அதிலிருந்து இறங்கியவன் அண்ணா இல்லையா என்று கேட்டால், சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள். ஆறு இஞ்ச் கேட்டால் மறுக்காதீர்கள். சிரித்த முகத்தோடு மாட்டுங்கள். பிறகு, எடைக்கு ஒரு ஆள் குறைகிறதே என்று சொல்லிக்கொண்டு, சாவகாசமாக எதிர்க்கடைப் பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள்.